வாவிக்கரையில் ஒரு வழங்கி: ராஸ்பெரி பை, கிவிக்ஸ், டெயில்ஸ்கேல்

மட்டக்களப்பின் அமிர்தகழியில் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலரின் கையில் வீட்டாரின் போன் ஒன்று இருக்கும். அதில் டேட்டா இருப்பதுதான் அரிது. ரீலோட் முடிந்தால் தேடலும் முடிந்தது. இந்தக் குறைக்காக ஒரு சிறு ஏற்பாட்டைப் பொருத்தி, அயலில் நடக்கும் வகுப்பொன்றுக்குக் கொடுத்துப் பார்த்தேன். போன்களுக்குப் பக்கங்களை அனுப்பும் வழங்கியாக ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி, அதில் கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள், அதற்குள் தமிழ் விக்கிப்பீடியா, அதே கணினியில் பாடநூல்களும். அதே வை-ஃபையில் இணைந்த எந்தப் போனும் டேட்டா செலவில்லாமல் இவற்றைத் திறந்து படிக்கலாம். வெளியூரிலிருந்தும் எட்டுவதற்கு டெயில்ஸ்கேல் என்ற செயலியைச் சேர்த்தேன். மூன்றையும் ஒன்றாகவே இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் உள்ளடக்கம். 2007இல் தொடங்கி, இன்று சுவிட்சர்லாந்தைத் தளமாகக் கொண்டு இயங்கும் கிவிக்ஸ், ஒரு முழு இணையத்தளத்தையே ஒரே கோப்பாகச் சுருக்கித் தருகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவைப் படங்களோடு இறக்கினால் 100 ஜி.பி.யைத் தாண்டும். தமிழ் அப்படியல்ல, 32 ஜி.பி. கார்டில் தாராளமாக அடங்கி, பாடநூல்களுக்கும் இடம் மிஞ்சும். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை ஆரம்ப நாட்களிலிருந்து கட்டியெழுப்பியவர்களில் முதன்மையானவர் எங்கள் நாட்டவரான இ. மயூரநாதன். இன்று அதில் ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அத்தனையும் மின் இணைப்பு மட்டும் உள்ள ஒரு வகுப்பறையில் திறக்கின்றன. மட்டக்களப்பு என்று தட்டெழுதிய பிள்ளைக்குப் பக்கம் உடனே வந்தது. கூகுளில் சுற்றிக்கொண்டு நிற்கும் வட்டத்துக்குப் பழகியவர்களுக்கு அந்த வேகமே புதிது.

கல்வி வெளியீட்டுத் திணைக்களம் தமிழ் மொழிமூலப் பாடநூல்களைப் பி.டி.எஃப். கோப்புகளாக இணையத்தில் வைத்திருக்கிறது. 10ஆம், 11ஆம் தர நூல்களை அங்கிருந்து இறக்கி இன்னொரு கோப்புறையில் வைத்தேன். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்திலிருந்து மட்டக்களப்பு பற்றிய சில நூல்களையும் சேர்த்தேன். பிள்ளைகள் விக்கிப்பீடியாவைவிட இந்தக் கோப்புறையைத்தான் அதிகம் திறக்கிறார்கள். ஆகவே இப்படி ஒன்றை அமைப்பவர்கள் பாடநூல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

இனி, பலரும் தடுக்கி நிற்கும் இடம். வழங்கி ஓடுகிறது, அதே கணினியில் பக்கம் அழகாகத் திறக்கிறது, பக்கத்தில் இருக்கும் போனில் மட்டும் திறக்கவில்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம் 127.0.0.1 என்ற முகவரி. ஒவ்வொரு கணினியும் தன்னைத் தானே அழைக்கும் முகவரி அது. அதில் மட்டும் காது கொடுக்கும் வழங்கிக்கு வெளியிலிருந்து வரும் அழைப்பு கேட்காது. போனில் 127.0.0.1 என்று அடித்தால் போன் தன்னையே தேடும். வழங்கியின் அமைப்பில் 0.0.0.0 என்று கொடுத்தால், கணினியின் எல்லா இணைப்புகளிலும் வரும் அழைப்பை அது ஏற்கத் தொடங்கும். மென்பொருள் எழுதிப் பழகும் மாணவர்கள் கவனிக்க வேண்டியது: ஃபிளாஸ்க், ஜாங்கோ, வீட் போன்றவை பாதுகாப்புக்காக இயல்பாகவே உள்முகவரியில் மட்டும்தான் ஓடும். மாற்ற வேண்டியது உங்கள் பொறுப்பு. கிவிக்ஸின் வழங்கியில் இந்தத் தொல்லை இல்லை. தொடங்கியதும் எல்லா இணைப்புகளுக்கும் திறந்தே இருக்கும். கணினி தெரியாத ஆசிரியர்களுக்கு நான் கிவிக்ஸைப் பரிந்துரைக்க முதற்காரணம் அதுதான்.

அடுத்தது, போனில் எந்த முகவரியை அடிப்பது என்பது. வீட்டு ரவுட்டர்கள் பொதுவாக 192.168 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுக்கின்றன. அவை வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும். கரண்ட் போய் வந்தால் ரவுட்டர் அதே கணினிக்கு வேறு முகவரி கொடுத்துவிடலாம். நேற்று வேலை செய்த முகவரி இன்று வெறுமையாக நிற்பது இதனால்தான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கணினிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கி வைத்துவிட்டால் சிக்கல் தீரும். பெயரும் புள்ளியும் லோக்கல் என்ற சொல்லுமாக முடியும் முகவரியும் உண்டு. லப்டொப்பிலும் ஐபோனிலும் நன்றாகத் திறக்கும் அது, எங்கள் பக்கம் அதிகம் புழங்கும் பழைய ஆண்ட்ராய்ட் போன்களில் திறக்காது. ஆகவே எண் முகவரியையே க்யூஆர் குறியாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினேன். இந்த முழு ஏற்பாட்டிலும் மிக மலிவான பகுதி அந்தக் கடதாசித் துண்டு. மிகப் பயனுள்ளதும் அதுவே. எண்களுக்கு நடுவே புள்ளி, பிறகு முக்காற்புள்ளி, பிறகு 8080 என்று ஒரு சின்னப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள், ஏனென்று புரியும்.

இன்னொரு தடையை எந்தக் கையேடும் போதிய அளவு அழுத்திச் சொல்வதில்லை. இணையமில்லாத வை-ஃபையில் இணைந்தால், இதில் இணையம் இல்லை, தொடரவா என்று ஆண்ட்ராய்ட் போன் கேட்கும். பிள்ளை வேண்டாம் என்று தட்டிவிட்டால், அல்லது கேள்வியே வராமல் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவினால், வழங்கி கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தும் பக்கம் திறக்காது. வகுப்புத் தொடங்கும்போது மொபைல் டேட்டாவை நிறுத்தச் சொல்லுங்கள். வந்த முறைப்பாடுகளில் பாதி அதோடு நின்றது. ரவுட்டரின் விருந்தினர் வலையமைப்பையும் தவிர்க்க வேண்டும். அதில் இணைந்த சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்காதபடி பிரித்து வைப்பதே அதன் வேலை. விண்டோஸ் கணினியை வழங்கியாக வைப்பவர்கள், வை-ஃபையைப் பொது வலையமைப்பு என்று அடையாளமிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியிருந்தால் அதன் தீச்சுவர் வெளி அழைப்புகளைத் தடுத்துவிடும். தீச்சுவரை முழுதாக அணைத்துவிடும்படி சொல்வோரின் பேச்சைக் கேட்காதீர்கள். தனிப்பட்ட வலையமைப்பு என்று மாற்றி, அந்த ஒரு செயலிக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதும்.

ராஸ்பெரி பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2019இல் வந்த 4ஆம் பதிப்பே இந்த வேலைக்கு ஏற்றது என்பது என் முடிவு. 2023இல் வந்த 5ஆம் பதிப்பு மிக வேகமானது, ஆனால் 5 வோல்ட்டில் 5 அம்பியர் தரும் மின்வழங்கியை எதிர்பார்க்கிறது. சூடும் அதிகம், விசிறி வேண்டும். எழுத்துப் பக்கங்களைப் பரிமாற அவ்வளவு வேகம் தேவையில்லை. 4ஆம் பதிப்புக்கு 3 அம்பியர் போதும் என்பதால் ஒரு நல்ல பவர் பேங்கிலேயே ஓடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எங்கள் ஊரில் விறாந்தையே அடுப்பாகக் காயும். அப்போது வெப்பத்தைக் கடத்தும் அலுமினிய உறை கட்டாயம். வாவிக்கரை உப்புக்காற்றுக்கும் அந்த உறை ஓரளவு காப்பு.

மின்சாரம்தான் இங்கே உண்மையான சோதனை. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்த நாட்டில் நாங்கள் வாழ்கிறோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதியும் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. ரவுட்டருக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ், பைக்குப் பவர் பேங்க் என்று பிரித்துக் கொடுத்தால், ஊரே இருண்டாலும் வகுப்பின் வலையமைப்பு நிற்காது. ஆனால் பவர் பேங்கைப் பார்த்து வாங்க வேண்டும். கரண்ட் போகும் கணத்திலும் திரும்பி வரும் கணத்திலும் சில பவர் பேங்குகள் மின்னோட்டத்தை ஒரு நொடி துண்டிக்கின்றன. பைக்கு அந்த நொடியே போதும், அணைந்து மீண்டும் எழும். அடிக்கடி இப்படி நடந்தால் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் கெடும். இன்னுமொன்று, 4ஆம் பதிப்பில் தன்னிலே ஓடும் கடிகாரம் இல்லை. இணையமில்லாமல் எழுந்தால் பழைய நேரத்தையே காட்டும். வீட்டுக்குள் அதனால் ஒன்றும் கெடாது. வெளியிலிருந்து எட்டும்போதுதான் பாதுகாப்புச் சான்றிதழ்கள் நேரம் பொருந்தாமல் மறுக்கும்.

அந்த வெளிப் பாதைக்கு வருவோம். பழைய முறை, ரவுட்டரில் ஒரு வாயிலைத் திறந்து வெளியுலகின் அழைப்பை உள்ளே அனுப்புவது. எங்கள் பக்கத்து வீடுகளில் பெரும்பாலானவை மொபைல் சிம் போட்ட ரவுட்டரையே நம்பியிருப்பதால் இந்த முறை பலருக்குப் பலிக்காது. காரணம் ரவுட்டரின் பழுதல்ல. பழைய வகை இணைய முகவரிகள் சுமார் 430 கோடி மட்டுமே. ஆசிய பசுபிக் வட்டாரத்தின் பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே ஏறத்தாழ வற்றிவிட்டது. ஆகவே சேவை நிறுவனங்கள் ஒரே வெளிமுகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிடுகின்றன. ரவுட்டரின் பக்கத்தில் தெரியும் வெளிமுகவரி 100.64இலிருந்து 100.127க்குள் அல்லது 10 என்று தொடங்கினால், நீங்கள் அப்படிப் பங்கிட்ட முகவரிக்குப் பின்னால் இருக்கிறீர்கள். எத்தனை வாயில் திறந்தாலும் அழைப்பு உங்கள் வீடு வரை வராது.

டெயில்ஸ்கேல் இதைச் சுற்றிப் போகிறது. வயர்கார்ட் என்ற குறியாக்க முறையின் மேல் கட்டப்பட்ட இது, உங்கள் சாதனங்களை மட்டும் சேர்த்து ஒரு தனி வலையமைப்பை உண்டாக்கும். வழங்கியிலும் போனிலும் நிறுவி, ஒரே கணக்கில் நுழைந்தால் வேலை முடிந்தது. தனிப்பட்ட பாவனைக்கு இலவசத் திட்டம் உண்டு. கனடாவில் இருக்கும் என் சித்தப்பா எங்கள் வீட்டுப் படத்தொகுப்பை இதன் வழியாகத்தான் திறக்கிறார். நேர்ப் பாதை கிடைக்காதபோது தரவு சிங்கப்பூர், பெங்களூரு போன்ற இடங்களில் உள்ள இடைவழங்கிகள் ஊடாகச் சுற்றி வரும். அப்போது படங்கள் தயங்கித்தான் வரும். ஒன்றை மறக்க வேண்டாம்: இயல்பான அமைப்பில் 180 நாட்களுக்குப் பிறகு சாதனத்தின் அனுமதி காலாவதியாகும். திரையோ விசைப்பலகையோ இல்லாத வழங்கி அன்று திடீரெனக் காணாமல் போகும். வழங்கிக்கு மட்டும் அந்தக் காலாவதியை முதல் நாளே நிறுத்தி வைப்பது நல்லது.

டெயில்ஸ்கேலால் இன்னொரு நன்மையும் உண்டு. வெறும் எண் முகவரியில் திறக்கும் பக்கத்துக்கு போனின் கமராவையோ ஒலிவாங்கியையோ உலாவி தராது. வாசிப்புப் பயிற்சிக்காகப் பிள்ளைகளின் குரலைப் பதியும் பக்கமொன்றை ஆசிரியர் செய்து வைத்திருந்தார். அவருடைய லப்டொப்பில் ஓடிய அது போன்களில் ஓடவில்லை. உலாவிகள் 127.0.0.1 போன்ற உள்முகவரிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கின்றன, மற்ற முகவரிகளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கின்றன. டெயில்ஸ்கேல் தரும் பெயருக்கு அந்தச் சான்றிதழை அதுவே பெற்றுக்கொடுக்கும்.

எல்லோருக்கும் பொதுவாகத் திறக்க விரும்புவோருக்கு கிளவுட்ஃப்ளேர் டனல் உண்டு. முகவரிப் பங்கீடு அதற்கும் தடையல்ல. ஆனால் உலகம் முழுவதற்கும் திறந்த வாயிலை உலகம் முழுவதும் தட்டும். 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லே மாறாமல் கிடந்த கமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் கைப்பற்றியது. பிள்ளைகளின் படமும் குரலும் உள்ள வழங்கியைப் பொது இணையத்தில் வைக்க வேண்டிய தேவை எந்த மாலை வகுப்புக்கும் இல்லை.

2021இல் கொரோனாவால் பாடசாலைகள் பூட்டிக் கிடந்தபோது, சிக்னலைத் தேடி மலைக் கிராமப் பிள்ளைகள் பாறைகளில் ஏறிய படங்கள் இலங்கையிலிருந்து உலகச் செய்திகளில் வந்தன. அந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியிருந்த பாடங்களில் பெரும்பகுதி ஒரு விரல்நக அளவுக் கார்டில் அடங்கும் என்பது இந்தக் கருவியைப் பயன்படுத்திய பின் என் மனதை விட்டு அகலவில்லை. தூரத்து இணையத்தை எட்டுவதற்குப் படும் பாட்டில் பத்தில் ஒரு பங்கைப் பட்டால், தெருவில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்டும் வழங்கியை அமைத்துவிடலாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. கிவிக்ஸுக்கு முழு மதிப்பெண். டெயில்ஸ்கேல் குடும்பத்துக்கு நல்லது, வாசிக்க மட்டும் பயன்படுத்தும் வகுப்புக்குத் தேவையில்லை. ராஸ்பெரி பை நல்ல கருவி, ஆனால் முதற் செலவாக அதை வாங்காதீர்கள். பற்றரி இன்னும் உயிரோடுள்ள பழைய லப்டொப் இருந்தால் அதுவே மேல், யுபிஎஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. கிவிக்ஸின் கணினிச் செயலியில் வழங்கியைத் தொடங்கும் வசதியும் உண்டு. அதுவும் இல்லையென்றால், ஒரு ஆண்ட்ராய்ட் போனில் கிவிக்ஸை நிறுவி, நூல்களைப் பகிரும் வசதியைத் திறந்து, ஹொட்ஸ்பொட்டை இயக்குங்கள். மற்றப் போன்கள் அதில் இணைந்து உலாவியில் படிக்கலாம். செயலியை பிளே ஸ்டோரிலிருந்து எடுக்காமல் கிவிக்ஸின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள், அந்தப் பதிப்பே கார்டில் நீங்கள் பிரதி செய்து வைத்த கோப்புகளைத் தடையின்றித் திறக்கும். உங்கள் வீட்டில் சும்மா கிடக்கும் போன் ஒன்று இருந்தால், இந்த வார இறுதியில் அதில் தமிழ் விக்கிப்பீடியாவை இறக்கி அருகிலுள்ள வகுப்புக்குக் கொடுங்கள்.