அழிவின் மெட்டில் அருளின் பாடல்

இறைவனைப் பாடும் சொற்களுக்குத் தெருவின் மெட்டு தகுமா என்னும் கேள்வி திருச்சபைக்குப் புதியதன்று. பாடலின் பொருளைவிடப் பாடும் இனிமையே தம்மை உருக்கிவிடுமோ என்று தூய அகுஸ்தீனாரே அஞ்சியிருக்கிறார். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்பிரிட் ஆஃப் த செஞ்சுரி' என்ற இசைத்தட்டு அக்கேள்விக்கு வாதத்தால் அன்றி, பாடியே விடை கூறியது. பாடியவர்கள் 'பிளைண்ட் பாய்ஸ் ஆஃப் அலபாமா' என்னும் கறுப்பினக் குழுவினர். 1939இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்துத் தாலடேகா நகரில், பார்வையற்ற கறுப்பினச் சிறுவருக்கான பள்ளியொன்றில் உருவான குழு இது. இத்தட்டு வெளிவந்தபோது தலைமைப் பாடகர் கிளாரன்ஸ் ஃபவுண்டனுக்கு வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

அதில் அவர்களுக்குத் துணைநின்ற வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் ஆலய இசைஞர் அல்லர். ப்ளூஸ் மரபில் ஊறியவர்கள். ஜான் ஹாமண்டின் கிதாரும் சார்லி மஸல்வைட்டின் மவுத் ஆர்கனும் தட்டு முழுவதும் ஒலிக்கின்றன. இந்தக் கூட்டு எத்துணைத் துணிவானது என்பதை அறிய, பழைய பகையைச் சற்று நினைவுகூர வேண்டும். மிசிசிப்பிப் பருத்திக் காடுகளின் துயரத்திலிருந்து பிறந்த ப்ளூஸைக் கறுப்பின ஆலயத்தார் பலர் சாத்தானின் இசை என்றே ஒதுக்கினர். சனிக்கிழமை இரவு மதுக்கடையில் ஒலித்ததை ஞாயிறு காலை ஆலயத்துள் விடுவது எங்ஙனம்? ஆயினும் சுவர் அவ்வளவு உறுதியானதன்று. ப்ளூஸ் பியானோக் கலைஞராயிருந்த தாமஸ் டார்சி, 1932இல் பேறுகாலத்தில் மனைவியையும், அடுத்து அக்குழந்தையையும் இழந்த துயரில் இயற்றிய பாடல் இன்றும் ஆலயங்களில் பாடப்படுகிறது. அவர் மெட்டுகளில் ப்ளூஸின் ஏக்கம் மறையவேயில்லை.

நம் குழுவினரோ சுவரின் இப்பக்கமே நின்றனர். 1950களில் ஒரே ஒலிப்பதிவு நிறுவனத்தில் அவர்களுடன் இருந்த சாம் குக், 1957இல் காதல் பாடல்களுக்குச் சென்று பெரும்புகழ் பெற்றார். அத்தகைய அழைப்பு தங்களுக்கு வந்தபோதும் இவர்கள் மறுத்துவிட்டனர். அந்த மறுப்பின் விலை, நீண்ட ஆண்டுகள் சிற்றூர் ஆலயங்களிலும் பள்ளி அரங்குகளிலும் பாடித் திரிந்த எளிய வாழ்வு. அப்படிப்பட்டவர்கள் முதுமையில் ப்ளூஸுக்குக் கதவு திறந்தது சமரசமா? தட்டைக் கேட்பவர்க்கு அப்படித் தோன்றாது. சொற்களை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. அச்சொற்கள் எந்த நிலத்தில் வேரூன்றின என்பதை மட்டுமே வெளிப்படையாக்கினர்.

இத்தட்டின் சிகரம் 'அமேசிங் கிரேஸ்'. அதை இயற்றிய ஜான் நியூட்டன் ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் தலைவர். பின்னர் ஆங்கிலிக்கன் குருவானவர். 1779இல் அச்சான அப்பாடலுக்கு, இன்று உலகம் அறிந்த மெட்டு 1835இல்தான் வந்து சேர்ந்தது. இக்குழுவினர் அந்த மெட்டை அகற்றிவிட்டு, 'ஹவுஸ் ஆஃப் த ரைசிங் சன்' என்னும் நாட்டுப்பாடலின் மெட்டில் பாடுகின்றனர். நியூ ஆர்லியன்ஸ் நகரின் ஒரு வீட்டில் சீரழிந்த வாழ்வைப் பற்றிய புலம்பல் அது. எட்டும் ஆறுமாக மாறிமாறி வரும் அசைகளின் கணக்கு அந்த மெட்டில் இடறாமல் அமர்கிறது. ஆனால் பொருத்தம் அசைக் கணக்கோடு முடியவில்லை. வழக்கமான மெட்டில் அருள் ஏற்கெனவே கிடைத்துவிட்ட நிம்மதி கேட்கும். இங்கே ஒவ்வோர் அடியின் கீழும் அந்த வீட்டின் இருள் ஓடுகிறது. மீட்பு எதிலிருந்து என்பது செவிக்குத் தெரிகிறது. திருப்பாடல்களிலும் இப்படித்தானே? இருளிலேயே முடிந்துவிடும் 88ஆம் திருப்பாடலைத் தொகுப்பிலிருந்து யாரும் நீக்கிவிடவில்லை.

அடிமை வணிகம் செய்தவரின் மனமாற்றப் பாடலை அடிமைகளின் வழித்தோன்றல்கள் பாடுகிறார்கள். அதிலும் பார்வை பெற்றதைக் கூறும் அடியைக் கண்ணில்லாதவர்கள் பாடுகிறார்கள். இரக்கத்தை வலிந்து கேட்பதற்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது. அவர்கள் கேட்கவில்லை; அந்தச் சொல்லை அழுத்தாமலே கடந்து செல்கிறார்கள்.

பார்வையின்மையை விளம்பரமாக்கியவர் வேறு சிலர். 1948இல் நியூ ஜெர்சியில் இவர்களையும் மிசிசிப்பியின் பார்வையற்ற பாடகரையும் மோதவிட்டுப் போட்டி நடத்தினார்கள். குழுவின் பெயர் நிலைத்ததே அதன் பின்னர்தான். யார் செய்த பாவம் என்று சீடர் கேட்ட கேள்விக்கும் (யோவான் 9) அந்த அரங்கின் ஆரவாரத்துக்கும் தூரம் அதிகமில்லை. 1983இல் சோஃபக்ளீஸின் பார்வையற்ற மன்னனாக ஃபவுண்டனை மேடையேற்றிய 'த காஸ்பல் அட் கலோனஸ்' நாடகமே அதே குறையைக் காட்சிப்பொருளாக்காமல் கலையாக்கியது.

அவர்களுடைய எல்லாத் தட்டுகளும் இத்தரத்தன அல்ல. 2003இல் வந்த கிறிஸ்துமஸ் தொகுப்பில் விருந்தினர் கூட்டம் மிகுதி. வீட்டாரின் குரலைத் தேட வேண்டியிருக்கிறது. அதற்கும் கிராமி விருது கிடைத்தது என்பது வேறு செய்தி.

ஜார்ஜ் ஸ்காட் 2005இலும் ஃபவுண்டன் 2018இலும் மறைந்தனர். தாலடேகா நாட்களிலிருந்து வந்த ஜிம்மி கார்ட்டர் 2023இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டே வெளியான 'எக்கோஸ் ஆஃப் த சவுத்' தட்டில் அவருடைய குரல் ஆங்காங்கே நடுங்குகிறது. பதிவுசெய்தவர்கள் அந்த நடுக்கத்தை மெருகிட்டு மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள்.