பாட்டு யார் பேருல?

2021 மார்ச் கடைசி. விடியக்காலம் அஞ்சரை மணி இருக்கும். ராசிங்காபுரம் காலனி முக்கில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப் நிற்கிறது. எட்டுப் பேர் உட்காரக்கூடிய வண்டியில் பதினைந்து பொம்பளைகள். மடியில் தூக்குச்சட்டி, தலையில் துண்டு. போடி போய், மெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை என்று அவரவர் தோட்டத்தில் இறங்கிக் குனிந்தால் சாயங்காலம்தான் நிமிர்வார்கள். ஏலக்காய் கிளையில் தொங்குகிற காய் இல்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கிற சரத்தில் காய்ப்பது. அதைக் குனியாமல் எடுக்க இன்னும் ஒருத்தரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

டிரைவர் பையன் செல்லில் ஒரு பாட்டைப் போட்டான். அந்த மாதம் 7ஆம் தேதி வெளியான 'என்ஜாய் எஞ்சாமி'. என் அம்மாச்சிக்குச் சோட்டுக்காரி ஒருத்தி முன்னால் இருந்து கேட்டாள்: "யார்றா இந்தப் பய? நம்ம வீட்டுக் கெழவி எழவு வீட்டுல இழுக்குற மாதிரியே இழுக்குறான்?"

மறுநாளும் அதே பாட்டு. அன்றைக்கு அவள் கேட்டது வேறு: "சரி, பாட்டு யாரு பேருல இருக்கு?" பட்டா யார் பேரில் என்று கேட்கிற அதே குரல். எம்.ஏ. தமிழ் படித்து, தொல்காப்பியம் முதல் பின்நவீனத்துவம் வரை பரீட்சை எழுதிய எனக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றவில்லை. இந்தக் கட்டுரை அவள் கேள்வியின் பின்னால் போகிறது.

அந்தப் பையன் அரக்கோணத்து அறிவு. அவரை நாம் முதலில் பார்த்தது ஒரு கூட்டத்துக்குள் ஒருத்தராக. 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கம் பள்ளி மைதானம். கோட்டு சூட்டு மாட்டிய 19 பேர் மேடையேறினார்கள். பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து கட்டிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். கிடார், டிரம்ஸ் பக்கத்தில் பறை, சட்டி, கட்டமோளம். இடஒதுக்கீட்டைப் பற்றி, மாட்டுக்கறியைப் பற்றி, ஆணவக்கொலையைப் பற்றி கானாவும் ராப்பும் ராக்கும் கலந்த பாட்டு. சபா மேடைகளில் மார்கழிக் கச்சேரி முடிந்தும் முடியாத நேரத்தில் நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த மேடையை யூடியூபில் பார்த்தபோது எனக்குச் சந்தோஷத்தோடு ஒரு நெருடலும் இருந்தது. எங்கள் பக்கம் பறைக்குத் தப்பு என்று பேர். என் அப்பா தலைமுறை அதைத் தூக்கிக் கிணற்றில் போட்ட தலைமுறை. ஊர்த்தெருவில் சாவு விழுந்தால் ஆள் அனுப்புவான், போய் அடிக்க வேண்டும், கூலி என்று கொடுப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டும். அடிக்கிறவனுக்குப் பேர் கிடையாது. "ஏய் தப்பு" என்பான். அடிக்க மாட்டோம் என்று சொன்னதற்காக வேலை போன வீடுகள், கடையில் சாமான் மறுக்கப்பட்ட வீடுகள் எங்கள் தெருவில் உண்டு. அது இழிவின் கருவி, கைவிடு என்பது ஒரு கட்சி. அது கலகத்தின் கருவி, கையிலெடு என்பது இன்னொரு கட்சி. 1990களின் தலித் பண்பாட்டு அரசியல் முழுக்க ஓடிய சண்டை இது. கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் இந்தச் சண்டையைத் தீர்த்துவிட்டதாகச் சில நண்பர்கள் எழுதினார்கள். தீர்க்கவில்லை. சென்னை மேடையில் பறை அடிப்பவன் அடிக்க மாட்டேன் என்றும் சொல்லலாம், அந்தச் சுதந்திரம் அவனுக்கு உண்டு. எங்கள் ஊரில் அதைச் சொன்னவன்தான் கலகக்காரன். ஒரே தோல், ஒரே சூடுகாட்டல், ஒரே அடி. அர்த்தம் எதிரெதிர். இருந்தாலும் என் அப்பா அந்த வீடியோவைக் கடைசி வரை பார்த்தார். "கோட்டுப் போட்டுட்டு அடிக்கிறாய்ங்க" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

இன்னொன்று. 19 பேரில் ஒரே ஒரு பெண், இசைவாணி. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவுக்குள் வந்தவர். பி.பி.சி. 2020இல் வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலில் இடம் பெற்றவர். சபரிமலைத் தீர்ப்பை ஒட்டி அவர் பாடிய ஐயப்பன் பாட்டு பல வருசம் கழித்து 2024 நவம்பரில் தோண்டியெடுக்கப்பட்டு, அவருக்கு மிரட்டல் மேல் மிரட்டல் வந்தது. எழுதியவர்கள், இசையமைத்தவர்கள், மேடை கட்டியவர்கள் எல்லாரும் இருக்க, அடி விழுவது பாடியவள் பேரில். பேர் என்பது வரவு மட்டும் இல்லை, செலவும்தான் என்பதை அவர் விசயத்தில் பார்த்தோம்.

குழுவுக்கு மேடை கிடைத்தது. தனித்தனிப் பாட்டாக வெளியில் வந்து புகழும் வந்தது. ஒரு ராக் குழுவுக்குப் புகழ் வந்தால் ரசிகன் அடுத்துக் கேட்பது "ஆல்பம் எப்போ?" என்றுதான். நம் ஆட்கள் இந்தக் கேள்வியை வியாபாரக் கேள்வி என்று ஒதுக்குகிறார்கள். மக்கள் இசைக்கு ஆல்பம் எதற்கு, காற்றில் கலந்தால் போதாதா என்கிறார்கள். காற்றில் கலந்த நம் பாட்டையெல்லாம் யார் யார் பிடித்து யார் யார் பேரில் எழுதிக்கொண்டார்கள் என்று ஒரு கணக்கு எடுத்துப் பார்த்துவிட்டு இதைச் சொல்லட்டும்.

ராக் என்கிற இசையே இதற்குச் சாட்சி. அமெரிக்கப் பருத்தித் தோட்டத்தில் கறுப்பு அடிமைகள் வேலையோடு பாடிய பாட்டின் வழி வந்தது புளூஸ், புளூஸின் பிள்ளை ராக். பிக் மாமா தார்ன்டன் என்ற கறுப்புப் பெண் 1952இல் பதிவுசெய்த 'ஹவுண்ட் டாக்'கை 1956இல் எல்விஸ் பிரஸ்லி பாடினார். உலகத்துக்கு அது எல்விஸ் பாட்டு. தோட்டத்தில் பிறந்த பாட்டுக்குத் தோட்டத்துக்காரி பேர் நிலைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் ஊரிலிருந்து தேவாரம் தாண்டினால் பண்ணைப்புரம். 1958 தேவிகுளம் இடைத்தேர்தலில் கம்யூனிஸ்ட் கட்சிக்காக மலையேறித் தோட்டத் தொழிலாளர் மத்தியில் பாடியவர் பாவலர் வரதராஜன். அவர் தம்பி இளையராஜா தன் பாட்டின் உரிமை தனக்கு என்று 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபோது நாட்டில் எழுந்த கேலி ஞாபகம் இருக்கும். பேராசை என்றார்கள். இசை பொதுச்சொத்து என்று தத்துவம் பேசினார்கள். தன் காட்டுக்கு நாலு பக்கமும் முள்வேலி போட்டவனெல்லாம் பொதுச்சொத்து பற்றிப் பேசினான். அவர் அரசியல் வேறு, நம் அரசியல் வேறு. ஆனால் இந்த ஒரு விசயத்தில் நான் பண்ணைப்புரத்துக்காரர் பக்கம்.

இனி 'எஞ்சாமி'. பாடியது தீயும் அறிவும். தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். வெளியிட்டது மாஜா நிறுவனம். அந்த வருசம் ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. ரஞ்சித் கேட்டார், பலரும் கேட்டார்கள், பிறகு அறிவு படத்தோடு ஓர் அட்டை வந்தது. 2022 ஜூலை 28, சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா. தீயும் கிடாக்குழி மாரியம்மாளும் பாடினார்கள், அங்கேயும் அறிவு இல்லை. தான் இயற்றி, எழுதி, பாடியது என்று அறிவு வெளிப்படையாக எழுதினார். இசையமைத்தது தான் என்று சந்தோஷ் நாராயணன் பதில் சொன்னார், அறிவுக்குரிய பெருமையை ஒருபோதும் மறைக்கவில்லை என்று தீயும் சொன்னார். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணனே அந்தப் பாட்டில் எங்கள் யாருக்கும் வருமானம் வரவில்லை என்றார், நிறுவனம் வேறு விளக்கம் தந்தது.

யார் மெட்டு, எத்தனை பங்கு என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே உட்காரவில்லை. ஒரு ஒப்பாரியின் இழுப்புக்கு மெட்டுப் போட்டது யார் என்ற கேள்விக்கு எந்த ஒப்பந்தத்திலும் கட்டம் கிடையாது. எழுத்து, இசை, குரல் என்று மூன்று கட்டம்தான். எழவு வீட்டில் மாரடித்துப் பாடிய கிழவி இந்த மூன்றில் எதில் வருவாள்?

பாட்டின் தலைப்பையே எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் கிழவிகள் பேரப்பிள்ளையைக் கொஞ்சும்போது "ஏஞ்சாமி" என்பார்கள். அதே கிழவி தோட்ட முதலாளி வந்தால் துண்டை இறக்கிக்கொண்டு "சாமி" என்பாள். ஒரே வாய், ஒரே சொல். ஒன்று ஆசையில் வருவது, மற்றது வயிற்றுக்காக வருவது. அறிவு அந்தச் சொல்லை முதலாளியிடமிருந்து பிடுங்கிப் பேரனுக்குத் திருப்பிக் கொடுத்தார். இதைத்தான் அந்தப் பாட்டின் பெரிய காரியம் என்பேன். உலகம் முழுக்க ஆடியவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஜீப்பில் இருந்தவளுக்குத் தெரிந்தது.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துத் திரும்பி வந்தவர். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பாகம் பிரித்தார்கள். காடு வெட்டித் தோட்டம் ஆக்கியவர்களைக் கேட்காமலே போட்ட பாகம். நெடுநாள் காத்திருந்த அறிவின் தனி ஆல்பம் 2024இல் வந்தபோது அதன் பேர் 'வள்ளியம்மா பேராண்டி'. அதற்கு முன் 2019இல் ஆஃப்ரோவோடு சேர்ந்து 'தெருக்குரல்' வந்தது உண்மைதான். ஆனால் எஞ்சாமிச் சண்டைக்குப் பிறகு, அம்பஸ்ஸா என்ற தன் குழுவோடு மேடை மேடையாக ஏறிய பிறகு, இந்த ஆல்பத்துக்குத்தான் எங்கள் தெருப் பையன்கள் காத்துக் கிடந்தார்கள்.

அந்தத் தலைப்பு எனக்குப் பிடித்த காரணத்தைச் சொல்கிறேன். ஊர்ப்பக்கம் புதுப் பையனைக் கண்டால் "யாரு மகன்டா?" என்பான். அது குசலம் விசாரிப்பது போல இருக்கும். அப்பன் பேரைச் சொன்னால் தெரு தெரிந்துவிடும், தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும், பிறகு திண்ணையில் உட்காரலாமா கூடாதா என்று தெரிந்துவிடும். அந்தக் கேள்விக்கு ஒருத்தன் "வள்ளியம்மா பேரன்" என்று பதில் சொல்கிறான். அப்பனைத் தாண்டி, ஒரு தோட்டக் கூலிக்காரியின் பேரைத் தகப்பன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறான். ஒப்பந்தத்தில் கட்டம் இல்லாதவளுக்கு அட்டையில் இடம்.

என் மனக்குறையும் இங்கேதான் தொடங்குகிறது. பாட்டி நினைவாக வந்துவிட்டாள். நினைவு ஆகாத பாட்டிகளை என்ன செய்வது? இலங்கைத் தோட்டம் வரலாறாகிவிட்டது. எங்கள் மலைத்தோட்டம் இன்றைக்குக் காலை அஞ்சரைக்கு நடந்தது. அட்டை கடிக்க, மருந்தடித்த ஈரம் காயாத தூருக்குள் கைவிட்டுக் காய் எடுக்கிறாள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது இந்தப் பெண்கள் உயிருக்குப் பயந்து காட்டுவழியாக இறங்கி வந்தார்கள். அதைப் பற்றி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி லயத்தின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். அதற்கும் ஒப்பாரி அந்த வீடுகளோடு நின்றது. நம் புதிய இசை கானாவிலிருந்து கிளம்பியது, ஆகவே மெட்ராஸ் நன்றாகவே கேட்கிறது. மலையடிவாரம் கேட்கவில்லை. மண்ணைக் கொண்டாடும் பாட்டை ஒரு செண்டு மண் இல்லாதவர்கள் பாடும்போது வருகிற ஆத்திரம் எஞ்சாமியின் துள்ளலில் கொஞ்சம் கரைந்துபோனதாகவும் எனக்குப் படுகிறது. 1892இல் அறிவித்த பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்று ஒரு ராப் பாடலாமே. ஆதாரமெல்லாம் தாலுகா ஆபீசில் கிடக்கிறது.

இதைக் குறையாகச் சொல்கிறேனே தவிர அவர்கள் மேல் பழியாக இல்லை. இன்குலாபின் 'மனுசங்கடா'வைக் கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் பாடினார், கேசட்டாகவும் கொடுத்தார். நான் சின்னப்பிள்ளையில் கேட்டது டேப் தேய்ந்துபோன கேசட்டில். அவர் 2016இல் இறந்தபோது எங்கள் காலனியில் அந்தக் குரலை இரவெல்லாம் போட்டார்கள். கேசட் இல்லாவிட்டால் அந்த இரவு இல்லை. பதிவு என்பது நமக்கு அவ்வளவு முக்கியம்.

இப்போது எங்கள் தெருவில் நாலு பையன்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ரெண்டு தப்பு, ஒரு பழைய கீபோர்டு, ஒரு ராப். கேஸ்ட்லெஸ் கலெக்டிவைப் பார்த்துத் தொடங்கியது. ஏப்ரல் 14க்குப் பாடுவார்கள். போன வருசம் அவர்கள் மைக்செட்டைப் பத்து மணிக்கு முன்னாலேயே நிறுத்தச் சொல்லி ஆள் வந்தது, அது வேறு கதை. ஆறு பாட்டைப் பதிவு பண்ணி ஒரு ஆல்பமாக விட வேண்டும் என்று ரெண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பாட்டின் நடுவில் என் அம்மாச்சி காய் எடுக்கும்போது இழுக்கிற மெட்டு வருகிறது. அதை அவளையே பாட வைத்துச் செல்லில் பிடித்தார்கள். பாடி முடித்துவிட்டு, "எனக்கு என்னடா தருவீக?" என்றாள். சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

அன்று ராத்திரி பையன்களுக்குள் பெரிய சண்டை. அம்மாச்சி பேரை எங்கே போடுவது, முதலிலா கடைசியிலா, பணம் வந்தால் எத்தனை பங்கு. வரப்போகும் பணம் என்ன என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் விடியும்வரை சண்டை போட்டார்கள். என்னை எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு நோட்டில் ஐந்து பேரையும் எழுதி, ஆளுக்கு ஒரு பங்கு என்று போட்டு, அம்மாச்சியிடம் கைநாட்டு வாங்கப் போனேன். ஜீப்புக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிக்கொண்டிருந்தாள். "வாசிச்சுக் காட்டு" என்றாள். வாசித்தேன். "எம்பேரு வள்ளியா, வள்ளியம்மா இல்ல, சரியாப் போடு" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.