பழுத்தது எந்த இலை?

வீட்டுக்குள் வளரும் மரங்களில் பெஞ்சமினா பைகஸைப் போல மனதில் இருப்பதை உடனே சொல்லிவிடும் மரம் வேறில்லை. ரப்பர் செடி மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும். பாம் வகைகள் நுனி காய்ந்தபடியே வருடம் தள்ளும். பெஞ்சமினாவை ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தினால் சில நாளில் தரையெல்லாம் இலை. இதனாலேயே அதைத் தொல்லை பிடித்த மரம் என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அந்தக் குணம்தான் பிடித்திருக்கிறது. அது சொல்வதைப் படிக்கத் தெரிந்த தோட்டக்காரரின் கண்ணும் விரலும் வேலை செய்வதைப் பார்ப்பது, நல்ல வைத்தியர் நாடி பிடிப்பதைப் பார்ப்பது போன்ற அனுபவம்.

மரத்தின் பூர்விகத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஆல், அரசு, அத்தி எல்லாம் இதற்குப் பங்காளிகள். இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக வட ஆஸ்திரேலியா வரை இயல்பாக வளர்வது. தாவரவியலாளர் லின்னேயஸ் 1767இல் பெயரிட்டது. பாங்காக் நகரத்தின் அதிகாரபூர்வ மரமும் இதுதான். காட்டில் 30 மீட்டர் வரை உயரும். பறவை எச்சத்தில் விழுந்த விதை பல சமயம் இன்னொரு மரத்தின் கிளையிடுக்கில் முளைக்கும். அங்கே கிடைப்பது உச்சி வெளிச்சம், ஒரு கைப்பிடி மட்கு, பெய்ததும் வடிந்துவிடும் மழை நீர். நாமோ அதைச் சோபாவுக்குப் பக்கத்தில், களிமண் நிறைந்த தொட்டியில், நீர் தேங்கும் தட்டின் மேல் வைக்கிறோம். வீட்டுப் பெஞ்சமினாவின் நோய்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடங்களுக்கும் இடையே உள்ள தூரத்திலிருந்து வருபவை.

வெளிச்சத்தில் நம் கண் நம்மை ஏமாற்றும். உச்சி வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளி இருக்கும். நமக்கு வெளிச்சமாகத் தோன்றும் ஹாலின் நடுவில் 300 லக்ஸ் கிடைத்தாலே அதிகம். கண்பாவை விரிந்து அதைச் சமன்செய்துவிடுகிறது. இலைக்கு அந்த வசதி இல்லை. நர்சரியில் வெயிலில் உருவான இலை தடித்தது, சிறியது. அதிக வெளிச்சத்தில் அதிகம் சமைக்கும், அதிகம் செலவழிக்கும். மங்கிய அறையில் அதன் வரவு செலவுக்குப் போதாது. ஆகவே மரம் அந்த இலையைக் கழற்றிவிட்டு, குறைந்த வெளிச்சத்துக்கு ஏற்ற மெல்லிய, அகன்ற இலையை விடுகிறது. புது வீட்டுக்கு வந்ததும் மரம் மொட்டையாவதன் ரகசியம் இதுதான். 1970களில் புளோரிடாவின் அபோப்கா ஆய்வு மையத்தில் சார்லஸ் கானோவரும் ரிச்சர்ட் பூலும், விற்பனைக்கு முன்பே மரங்களை நிழல்வலைக்குக் கீழ் பழக்கிவைத்தால் வீட்டில் இலையுதிர்வு வெகுவாகக் குறைகிறது என்று காட்டினார்கள். நர்சரிக்குப் போனால் வெயிலில் பளபளக்கும் மரத்தை விட்டுவிட்டு, நிழல்வலைக்குள் சில மாதம் நின்ற மரத்தைக் கேட்டு வாங்குவது நல்லது. ஸ்டார்லைட் போன்ற வெள்ளை விளிம்பு ரகங்களில் பச்சையம் குறைவு. அவற்றுக்கு ஜன்னல் ஓரமே வேண்டும்.

இனி இலை. பலரும் ‘இலை மஞ்சளாகிறது’ என்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். கைதேர்ந்தவர் அடுத்துக் கேட்பது: பழுத்தது எந்த இலை? அடியில், உட்பக்கத்தில் உள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளிறினால் நைட்ரஜனோ மக்னீசியமோ குறைந்திருக்கலாம். இவை மரத்துக்குள் இடம் மாறக்கூடிய சத்துகள். பற்றாக்குறை வந்தால் மூத்த இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுத்துவிடும். வெளிச்சம் போதாதபோதும் உட்பக்க இலைகளே முதலில் போகும். மாறாக, நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, நுனிக் கொழுந்து வெளிறினால் அது இரும்புச்சத்தின் குறை. ஓரிடத்தில் சேர்ந்த இரும்பு மறுபடி நகராது. சென்னை ஃபிளாட்டுகளில் போர்வெல் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளில் இதைப் பார்க்கலாம். மண்ணில் இரும்பு இருந்தும், தண்ணீரின் காரத்தன்மையால் வேர் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. அப்போது உரத்தைக் கொட்டினால் இலைநுனி கருகுவதுதான் மிச்சம். தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு நல்ல நீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக முழுவதும் வடியவிட வேண்டும். மழைநீர் பிடித்து வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்.

உதிர்ந்த இலையும் பேசும். பச்சையாகவே உதிர்ந்தால் திடீர் அதிர்ச்சி: இடமாற்றம், ஏசியின் குளிர்க்காற்று நேராக அடித்தது, மண் ஒரேயடியாகக் காய்ந்தது. மஞ்சளாகி உதிர்ந்தால் காரணம் மெதுவாக வேலை செய்திருக்கிறது. காய்ந்து பழுப்பேறியும் கிளையை விடாமல் தொங்கினால்தான் நான் கவலைப்படுவேன். இலையை உதிர்க்க மரம் காம்படியில் ஒரு தனி அடுக்கை உருவாக்க வேண்டும். அது உயிருள்ள கிளை செய்யும் வேலை. அதற்குள் செத்துவிட்ட கிளையால் இலையைக் கழற்றக்கூட முடியாது.

வேர் விஷயத்தில் ஒரு முரண் உண்டு. நீரில்லாத மரமும் வாடும், நீர் தேங்கிய மரமும் வாடும். இரண்டாவதில் வேருக்குக் காற்று கிடைக்காமல், பித்தியம் போன்ற அழுகல் கிருமிகள் நுழைந்து, நீர் உறிஞ்சும் திறனே போயிருக்கும். வாட்டத்தைப் பார்த்து மேலும் ஊற்றுகிறவர்கள் அதன் முடிவை விரைவுபடுத்துகிறார்கள். இரண்டு விரற்கடை ஆழம் தோண்டிப் பார்த்துவிட்டு ஊற்றுவது நல்லது. சந்தேகம் இருந்தால் மரத்தைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்க்கலாம். நல்ல வேர் கெட்டியாக இருக்கும். அழுகிய வேரைப் பிடித்து இழுத்தால் மேல்தோல் வழுக்கி வந்து, உள்ளே நூல் போன்ற நரம்பு மட்டும் மிஞ்சும். அத்தனையையும் வெட்டிவிட்டு, கழுவி உப்பு நீக்கிய தென்னைநார்க் கழிவும் பெர்லைட்டும் கலந்த கலவையில் நட வேண்டும். பெரிய தொட்டி வாங்கிவிடலாம் என்ற ஆசை வேண்டாம். வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலை அழைக்கும். ஒரு அளவு பெரியது போதும்.

பூச்சிகளில் எனக்குச் சவாலாகத் தோன்றுவது செதில் பூச்சி. கிளையில் ஒட்டிய பழுப்புப் புள்ளி பூச்சியா, பட்டையின் இயல்பான மூச்சுத்துளையா என்று பார்த்துச் சொல்வது கடினம். நகத்தால் நெம்பினால் போதும். துளை அசையாது, பூச்சி பெயர்ந்து வரும். தரையும் இலையும் பிசுபிசுத்தால், எறும்பு ஏறினால், இலைமேல் கரும்பூஞ்சணம் படிந்தால் எங்கோ செதில் பூச்சியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து இலையின் அடிப்பக்கம் நனையத் தெளித்து, வாரம் ஒருமுறை சில வாரம் தொடர வேண்டும். முட்டையிலிருந்து பின்னால் வரும் குஞ்சுகளுக்கு முதல் தெளிப்பு எட்டாது. இலையில் ஊசி முனையளவு வெளிர்ப்புள்ளிகள் தெரிந்தால் கீழே வெள்ளைத் தாளைப் பிடித்துக் கிளையைத் தட்டிப் பாருங்கள். ஊரும் தூசு சிலந்திப்பேன். நடுநரம்போடு மடிந்து மூடிய இலைக்குள் இலைப்பேன் குடும்பமே இருக்கும். மருந்து உள்ளே எட்டாது, பறித்து அப்புறப்படுத்துவதே வழி. இவற்றில் பலவும் புதிதாக வாங்கிய செடியோடுதான் வீட்டுக்குள் வருகின்றன. அதை மூன்று வாரம் தனியே வைப்பதும், மாதம் ஒருமுறை ஈரத் துணியால் இலைகளைத் துடைப்பதும் எந்த மருந்தையும் விட மேல். துடைக்கும் கைதான் பூச்சியை முதலில் கண்டுபிடிக்கும்.

முழுக்க மொட்டையான மரத்தைத் தூக்கி எறிவதற்கு முன் குச்சியில் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். தோலடியில் பச்சை தெரிந்து பால் கசிந்தால் உயிர் இருக்கிறது. அந்தப் பால் சிலருக்கு அரிப்பையும் ஒவ்வாமையையும் தரும், கையைக் கழுவிவிடுங்கள். பால் வராத இடத்தைப் பால் வரும் கணுவரை வெட்டிவிடலாம். மரத்தை ஜன்னல் பக்கம் வைத்து, அதன்பிறகு நகர்த்தாதீர்கள். குடிக்க இலை இல்லாததால் வழக்கமான அளவில் கால்பங்கு நீர் போதும். புது இலைகள் விரிந்து கரும்பச்சை ஏறும்வரை உரம் கூடாது.