யாளி இல்லாத அலமாரி

போன நவராத்திரிக்கு எங்கள் பெசன்ட் நகர் வீட்டுக் கொலுவின் கீழே, பிள்ளைகள் பார்க் கட்டும் இடத்தில், என் டிராகன்களை இறக்கி வைத்தேன். கடுகு தூவி முளைக்கவிட்ட புல்வெளி, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு குளம், கரையில் செட்டியார் கடை. கடைக்குப் பின்னால் சிறகை விரித்து நின்றன பச்சையும் கறுப்புமாக ஏழெட்டு டிராகன்கள். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள வந்த எதிர் ஃபிளாட் மாமிக்கு எண்பது வயதிருக்கும். குனிந்து ஒன்றைக் கையில் எடுத்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது யாளிதானே? துதிக்கையைக் காணோமே?"

"இல்லை மாமி, இது டிராகன். வெளிநாட்டுது."

"அப்போ நம்ம யாளி எங்கே?"

அலமாரியில் பதினைந்து ஆண்டுச் சேகரிப்பு இருக்கிறது. அதில் யாளி ஒன்றுகூட இல்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் இந்தப் பொழுதுபோக்கின் நல்லதையும் கெட்டதையும் எடைபோட உட்கார்ந்தேன்.

முதலில் இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். என் வயதொத்த பலருக்கு டிராகன் வந்த வழி சுட்டி டிவி. 2007-இல் அந்தச் சேனல் தொடங்கியபின், ஜாக்கி சான் கார்ட்டூன் தொடரைத் தமிழ்க் குரலில் பார்க்கப் பள்ளி விட்டதும் ஓடிவந்த தலைமுறை நாங்கள். பன்னிரண்டு மந்திரக் கற்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சக்தி. டிராகன் கல்லுக்குத் தீ. அந்தக் கற்களுக்கெல்லாம் பழைய சொந்தக்காரனான ஷெண்டுவே டிராகன் உருவம் கொண்ட அசுரன். பிறகு ஹாரி பாட்டர் கதைகள் வந்தன. 2010-இல் வந்த 'ஹவ் டு ட்ரெயின் யுவர் டிராகன்' படத்தில் பூனையைப் போலத் தலை சாய்த்துப் பார்க்கும் கறுப்பு டூத்லெஸ், டிராகன் மேல் இருந்த பயத்தையே எடுத்துவிட்டது. நான் முதன்முதலில் காசு கொடுத்து வாங்கிய பொம்மை அதுதான். 2025-இல் 'டிராகன்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்ப் படம் வந்து ஓடியது. அதில் அது கதாநாயகனின் பட்டப்பெயர். சொல் அவ்வளவு தூரம் நம் வாயில் பழகிவிட்டது.

பொம்மை சேர்ப்பதை வெட்டிச் செலவு என்று சொல்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. ஒரே உயிரின் நூறு வடிவங்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறவனுக்குக் கண் கூர்மையாகிறது. ஐரோப்பிய டிராகனுக்கு நான்கு கால், அதற்கு மேல் இரண்டு சிறகு. இரண்டே கால் உள்ளதற்கு வைவெர்ன் என்று வேறு பெயர். சீன டிராகனுக்குச் சிறகே கிடையாது. மீசையும் மானின் கொம்பும் மீன் செதிலும் உண்டு. ஐந்து நகம் உள்ள டிராகன் சீனப் பேரரசருக்கு உரியது. ஜப்பானில் வரையப்படுவதற்கு வழக்கமாக மூன்று நகம். இதெல்லாம் புத்தகத்தில் படித்தால் மறந்துபோகும். கையில் எடுத்து நகத்தை எண்ணிப் பார்த்தவனுக்கு மறக்காது.

அந்தக் கண்தான் என்னை நம் ஊர்த் தூண்களிடம் திருப்பி அழைத்து வந்தது. சிறுவயதில் கோயிலுக்குப் போனால் யாளியின் வாய்க்குள் உருளும் கல்லை விரலால் தள்ளி விளையாடியதோடு சரி. டிராகன் சேர்க்கத் தொடங்கிய பிறகுதான் அவற்றில் சிங்க முகம், யானைத் துதிக்கை, குதிரை முகம் என்று பிரித்துப் பார்க்கப் பழகினேன். மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், சாளுவன்குப்பத்தில் பல்லவர் குடைந்த பாறை இருக்கிறது. நடுவில் சிறிய மாடம், அதைச் சுற்றி வளையமாகப் பதினொரு தலைகள், உருட்டி விழிக்கும் கண்கள், பிதுங்கும் பற்கள். எல்லாம் யாளித் தலைகள். ஆனால் அந்த இடத்தை நாம் புலிக்குகை என்கிறோம். பள்ளிச் சுற்றுலாவில் அங்கே போனபோது நானும் புலி என்றே நம்பினேன். இரண்டாம் முறை, டிராகன் பைத்தியம் பிடித்த பிறகு போய் ஒவ்வொரு தலையாக எண்ணியபோதுதான் தெரிந்தது, என் சொந்த ஊர் விலங்கின் பெயரே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. அந்த ஒரு நாளுக்காகவே இந்தப் பொழுதுபோக்குக்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

இன்னொரு லாபம், மொழியில். டிராகனுக்குத் தமிழில் என்ன சொல் என்று தேடிப் போனால் ஒரு சரித்திரமே வருகிறது. பழைய தமிழ் பைபிளில் அது 'வலுசர்ப்பம்'. கத்தோலிக்கர் இன்று படிக்கும் திருவிவிலியத்தில் 'அரக்கப் பாம்பு'. அகராதிக்காரர்கள் 'பறவை நாகம்' என்றும் எழுதிப் பார்த்தார்கள். மூன்றுமே பாம்பிலிருந்து தொடங்குகின்றன. மேற்கில் அது கொல்லப்பட வேண்டிய தீமை. நம் நகரம் எந்தக் கோட்டையைச் சுற்றி வளர்ந்ததோ அந்தக் கோட்டைக்கே டிராகனைக் கொன்றதாகச் சொல்லப்படும் புனித ஜார்ஜின் பெயர். சீனத்தில் டிராகன் மழை தருவது, வணங்கத்தக்கது. நம் யாளி இரண்டிலும் சேராது. சங்கப் பாடல்களில் 'ஆளி' யானையையே வேட்டையாடும் விலங்கு. பிற்காலத்தில் அது கோயில் தூணில் காவல் நின்றது, ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்கு வாகனமானது, வீணையின் வளைந்த நுனியில் முகமாக அமர்ந்தது. கலாக்ஷேத்ரா பக்கம் வசிப்பவர்களுக்கு வீணைச் சத்தம் புதிதில்லை. அந்த வாத்தியத்தின் தலையில் இருப்பது யார் என்று உங்கள் வீட்டுக் குழந்தையைக் கேட்டுப் பாருங்கள்.

இனி குறைகளுக்கு வருகிறேன். இதில் நான் வெளியாள் இல்லை. சொல்வதெல்லாம் நான் செய்த தவறுகள்.

பொம்மையைப் பெட்டியைப் பிரிக்காமல் வைப்பது சேகரிப்பவர்களிடையே பெரிய பண்பாடாக மதிக்கப்படுகிறது. பிரிக்காத பெட்டிக்கு மறுவிலை அதிகம். நானும் ஒரு பெரிய சிவப்பு டிராகனை ஆறு வருடம் பிளாஸ்டிக் ஜன்னல் வைத்த அட்டைப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். ஒரு நாள் பெட்டியின் ஓரம் ஈரம் குடித்திருப்பது கண்டு திறந்தேன். சிறகு முழுக்கப் பிசுபிசுப்பு. விரல் வைத்தால் ஒட்டியது, விரல் ரேகை அப்படியே பதிந்தது. வால் மூட்டில் இருந்த சின்னக் கம்பி துருவேறி, சுற்றியிருந்த வர்ணத்தில் காவிக் கறை படர்ந்திருந்தது. துருவுக்குக் கடற்கரை உப்புக்காற்று காரணம் என்பது எங்கள் பேட்டையில் மிக்ஸி, மின்விசிறி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரியும். பிசுபிசுப்புக்குக் காரணம் வேறு. இந்தப் பொம்மைகள் பெரும்பாலும் பிவிசி. அது விறைப்பாக இல்லாமல் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் நெகிழ்வூட்டி நாளாக ஆக மேல்பரப்புக்குக் கசிந்து வருகிறது. காற்றோட்டம் இருந்தால் ஓரளவு அகன்றுவிடும். மூடிய பெட்டிக்குள் போக வழியில்லாமல் அங்கேயே படிந்துவிடும். விலை குறையக் கூடாது என்று மூடி வைத்தேன். மூடி வைத்ததே அதைக் கெடுத்தது. சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, இப்போது திறந்த தட்டில் வைத்திருக்கிறேன். அக்கா மகள் அதை எடுத்து விளையாடுகிறாள். கழுவியும் ஒரு சிறகில் என் விரல் ரேகை போகவில்லை.

டோல்கீன் எழுதி 1937-இல் வெளிவந்த 'ஹாபிட்' நாவலில் ஸ்மாக் என்ற டிராகன் மலைக் குகையில் தங்கக் குவியல் மேல் படுத்துக் கிடக்கும். அதற்குத் தங்கத்தால் ஒரு பயனும் இல்லை. ஆனால் குவியலிலிருந்து ஒரே ஒரு கிண்ணம் திருடு போனதும் அது கண்டுபிடித்துவிடுகிறது. கோபத்தில் மலையே அதிர்கிறது. நம் ஊரில் இதையே புதையல் காத்த பூதம் என்போம். வீட்டைத் துடைக்கிற அம்மா ஒரு பொம்மையை இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்ததற்கு அவரிடம் நான் குரல் உயர்த்திய நாள் உண்டு. அந்த நாளை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

விலையும் சும்மா விடுவதில்லை. பொம்மைகளுக்கு 20 சதவீதமாக இருந்த இறக்குமதி வரி 2020-இல் 60 சதவீதமானது, 2023-இல் 70 ஆனது. 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம். குழந்தைகளின் பாதுகாப்பை நினைத்தால் அந்தக் கட்டாயம் சரியானது என்பேன். ஆனால் அசல் எட்டாத உயரத்துக்குப் போனதும் சேகரிப்பவன் கை நீள்வது முத்திரை இல்லாத நகல்களின் பக்கம். பார்வைக்கு ஒரே மாதிரி, விலை நான்கில் ஒரு பங்கு. அதன் வர்ணத்தில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அதை வாங்காதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்வேன்.

இதைவிடப் பெரிய குறை, நம் ஆசையின் கடிவாளம் நம் கையில் இல்லாதது. புதுப் படம் வந்தால் புது வரிசைப் பொம்மை. 2010-இல் வந்த அதே கதையை 2025-இல் நடிகர்களை வைத்து மறுபடி எடுத்தார்கள். அதே டூத்லெஸ் வேறு பெட்டியில் வந்தது. நானும் வாங்கினேன். எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. கதை பிடித்து வாங்கியது ஒரு காலம். வெளியீட்டுத் தேதி பார்த்து வாங்குவது இப்போதைய வழக்கம்.

கொலுவை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அதுவும் பொம்மைச் சேகரிப்புதான். ஆண்டுக்கு ஒன்றாவது புதிதாகச் சேர வேண்டும் என்ற வழக்கம் அதிலும் உண்டு. போட்டி, பரிசு, 'தீம்' என்று அங்கும் இப்போது செலவு வளர்ந்துவிட்டது. ஆனாலும் அதன் அமைப்பில் ஓர் அறிவு இருக்கிறது. பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றுகிறோம். வருடத்துக்கு ஒரு தரம் இறக்கி, தூசு தட்டி, மூக்கு உடைந்ததைப் பார்த்து வருத்தப்பட்டு, வர்ணம் தொட்டு, படியில் வைக்கிறோம். தெருவில் போகிறவர் யாரும் உள்ளே வந்து பார்க்கலாம், கையில் சுண்டல் வாங்கிக்கொண்டு போகலாம். பாட்டியின் மரப்பாச்சி பேத்தியின் படியில் நிற்கிறது. அதற்கு மறுவிலை என்ன என்று யாரும் கேட்டதில்லை. டிராகன் சேர்க்கிற நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது. அலமாரிக்குப் பூட்டு வேண்டாம், வருடத்தில் பத்து நாளாவது கதவு திறந்திருக்க வேண்டும்.

மாமியின் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மரத்திலும் உலோகத்திலும் யாளி கிடைக்காமல் இல்லை. சுவரில் மாட்டவும் வரவேற்பறை மேசையில் வைக்கவும் உள்ள அலங்காரப் பொருள் அது. ஒரு குழந்தை மடியில் வைத்து விளையாட, ஒரு சிறுவன் பள்ளிப் பையில் போட்டு எடுத்துப்போக ஒரு யாளி நான் தேடியவரை கிடைக்கவில்லை. யாளி வருகிற கார்ட்டூன் ஒன்றைப் பார்த்து வளர்ந்தேன் என்று சொல்லும் யாரையும் நான் சந்திக்கவில்லை. அகிரா தோரியாமா 1984-இல் 'டிராகன் பால்' வரையத் தொடங்கியபோது, குரங்கு வீரனின் பழைய சீனக் கதையிலிருந்துதான் தன் நாயகனை எடுத்தார். நாற்பது ஆண்டுகளாக உலகம் அந்தப் பொம்மையை வாங்குகிறது. நம்மிடம் சங்கப் பாட்டிலிருந்து வீணை வரை தொடர்ந்து வரும் ஒரு விலங்கு இருக்கிறது. அதற்குப் படக்கதை இல்லை, பொம்மையும் இல்லை. இந்தக் குறையை வெளிநாட்டுக் கம்பெனி மேல் போட முடியாது. கேட்காத பொருளை எந்தக் கடையும் வைக்காது. கேட்காதவர்களில் முதல் ஆள் நான்.

வழி இருக்கிறது. மூட்டு மூட்டாக அசையும் டிராகன்களை முப்பரிமாண அச்சு எந்திரத்தில் இழைத்து இன்று கண்காட்சிகளில் விற்கிறார்கள். அந்த எந்திரத்துக்கு யாளியும் டிராகனும் ஒன்றுதான். வேண்டியது ஒருவர் உட்கார்ந்து வரைந்து கொடுக்கும் வடிவம். மண் பொம்மைக்கு வேண்டியது அச்சு. குயவர் பேட்டை என்பது மருவிய கொசப்பேட்டையில் இன்றும் கொலுப் பொம்மை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒருவர் கேட்டதற்காக அவர்கள் புது அச்சு எடுக்க மாட்டார்கள், கட்டுப்படியாகாது. பலர் கேட்டால் எடுப்பார்கள். கிரிக்கெட் செட்டும் கல்யாண செட்டும் அப்படி வந்தவைதான்.

நவராத்திரிக்கு முன்னால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் போட்டுவிடுவார்கள். இந்த வருடம் நான் கடை கடையாகப் போய் யாளி இருக்கிறதா என்று கேட்கப் போகிறேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கள். துதிக்கையோடு வேண்டும் என்று சொல்லுங்கள்.