மூன்று நட்சத்திரங்களும் ஒரு கிட்டாரும்

யூடியூபில் மங்கலான ஒரு வீடியோ இருக்கிறது. 1987 பிப்ரவரி 19, கலிபோர்னியாவின் நார்த் ஹாலிவுட், பாலோமினோ கிளப். ஜார்ஜ் ஹாரிசன், பாப் டிலன், ஜான் ஃபோகர்ட்டி மூவரும் ஒரே சின்ன மேடையில். யார் பதிவேற்றினாலும் தலைப்பில் முதலில் நிற்பது இந்த மூன்று பெயர்கள்தான். ஆனால் அன்றைய கச்சேரி அவர்களுடையது இல்லை. தாஜ் மஹாலுடையது, ஜெஸ்ஸி எட் டேவிஸ் கிட்டார் வாசித்த கிராஃபிட்டி பேண்டுடையது. நட்சத்திரங்கள் பார்க்க வந்தவர்கள், பிறகு மேடையேறியவர்கள்.

இதைப் பெரிய ராக் வரலாற்றுத் தருணமாகக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இசையாக மட்டும் கேட்டால் அது சுமாரான ஜாம்தான். ஒத்திகை இல்லாதது அப்பட்டமாகத் தெரியும். பழைய ராக் அண்ட் ரோல் பாட்டுகளை நண்பர்கள் கூடிப் பாடுகிற குஷி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனாலும் அமெரிக்க இசையில் யார் குரல் முன்னால் வருகிறது, யாருடையது பின்னால் போகிறது என்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல ஆவணம் எனக்குத் தெரியாது.

டேவிஸ் 1944இல் ஓக்லஹோமாவில் பிறந்தவர். கயோவா, கமாஞ்சி பூர்வகுடி வழியினர். கறுப்பினப் பாடகரான தாஜ் மஹாலின் 1968 முதல் ஆல்பத்தில் 'ஸ்டேட்ஸ்போரோ ப்ளூஸ்' பாட்டுக்கு ஸ்லைட் கிட்டார் வாசித்தார். பிளைண்ட் வில்லி மெக்டெல் 1928இல் பதிவு செய்த பாட்டு அது. டேவிஸ் வாசித்ததைக் கேட்டுத்தான் டுவேன் ஆல்மன் ஸ்லைட் பழகினார். 1971இல் ஆல்மன் பிரதர்ஸின் புகழ்பெற்ற ஃபில்மோர் ஈஸ்ட் நேரடி ஆல்பம் அதே பாட்டில்தான் தொடங்குகிறது. மெக்டெல், டேவிஸ், ஆல்மன்: இந்த வரிசையில் மூன்றாவது ஆளைத்தான் ராக் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும்.

பாலோமினோவிலும் இதே கதைதான். டிலனின் 'வாட்சிங் த ரிவர் ஃப்ளோ' வருகிறது. அதன் 1971 ஒலிப்பதிவில் கிட்டார் வாசித்தவர் டேவிஸ். பதினாறு வருஷம் கழித்து அதே பாட்டு, அதே இருவர், ஒரே மேடை. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேசப்படுவது 'ப்ரவுட் மேரி' கதை. பழைய கம்பெனியோடு இருந்த சண்டையால் தன் கிரீடன்ஸ் காலப் பாட்டுகளைப் பாடாமலிருந்தார் ஃபோகர்ட்டி. நீ பாடலைன்னா உலகம் இதை டீனா டர்னர் பாட்டுன்னே நினைச்சுக்கும் என்ற பொருளில் டிலன் சீண்ட, அவர் பாடிவிட்டார். நல்ல ஜோக்தான். ஆனால் அன்றைக்கு அதே மேடையில் 'மேட்ச்பாக்ஸும்' பாடினார்கள். கார்ல் பெர்கின்ஸ் பாட்டு என்று சொல்வார்கள். அதன் மூலவரியை 1927இலேயே பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் பாடிப் பதிவு செய்துவிட்டார். ஒரு வெள்ளைக்காரர் பாட்டு கறுப்பினப் பெண்ணின் சோல் பாட்டாக அறியப்பட்டால் அது கேலிக்குரிய இழப்பு. மறுபக்கம் நடந்தால் அதற்கு 'பாரம்பரியம்' என்று பெயர்.

நான் சிக்னல்களோடு வேலை செய்கிற பொறியாளன். இரண்டு சிக்னலைக் கூட்டினால் உரத்தது மெல்லியதை மூடிவிடும். மெல்லியது இல்லாமல் போவதில்லை, காதுக்குத் தெரியாது, அவ்வளவே. 'கலப்பிசை' என்ற இனிப்பான சொல் இதை மறைத்துவிடுகிறது. நம்மூர் மேடைகளில் கெண்டாங், எர்ஹு, தபேலா மூன்றையும் வரிசையாக உட்கார வைத்து ஒற்றுமை என்கிறோமே, அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: யாருடைய வால்யூமை யார் குறைக்கிறார்கள்?

சரி, நல்ல கலப்பு எப்படி இருக்கும்? அதே கிராஃபிட்டி பேண்ட் 1986இல் கேசட்டாக மட்டும் வெளியிட்ட 'ஏ.கே.ஏ. கிராஃபிட்டி மேன்' என் பதில். கவிதை ஜான் ட்ருடெல். சான்டீ டகோட்டா இனத்தவர், அல்காட்ராஸ் தீவு ஆக்கிரமிப்பின் வானொலிக் குரல், அமெரிக்கப் பூர்வகுடி இயக்கத்தின் தலைவராக இருந்தவர். 1979 பிப்ரவரியில் வாஷிங்டனில் எஃப்.பி.ஐ. தலைமையகத்தின் முன் கொடியை எரித்தார். சில மணி நேரத்தில் நெவாடாவில் வீடு எரிந்து கர்ப்பிணி மனைவி, மூன்று குழந்தைகள், மாமியார் எல்லோரும் இறந்தார்கள். விபத்து என்றது அரசுத் தரப்பு. ட்ருடெல் ஒருபோதும் நம்பவில்லை. அதன் பிறகுதான் அவர் கவிதை எழுத ஆரம்பித்தார்.

ட்ருடெல் பாடமாட்டார், பேசுவார். குரலை உயர்த்தவே மாட்டார். குவில்ட்மேனின் பூர்வகுடிப் பாட்டு தன் சுருதியிலேயே நிற்கும், ப்ளூஸுக்காக வளையாது. டேவிஸின் கிட்டார் இரண்டுக்கும் நடுவே இடம் விட்டு வாசிக்கும். மூன்றும் மூன்றாகவே காதில் விழும். 1986இன் சிறந்த ஆல்பம் இதுதான் என்று டிலனே சொன்னார்.

2017இல் வந்த 'ரம்பிள்' ஆவணப்படம் டேவிஸுக்கு உரிய இடம் கொடுத்தது. நல்ல காரியம். ஆனால் ப்ளூஸுக்குள் பூர்வகுடித் தாளத்தைக் கண்டுபிடித்தே தீரவேண்டும் என்கிற ஆசை அந்தப் படத்தில் தூக்கலாக இருக்கிறது. ஜாக்சன் பிரவுனின் 'டாக்டர் மை ஐஸ்' பாட்டில் டேவிஸ் வாசித்த சோலோவை எத்தனை முறை கேட்டாலும் எனக்குக் கயோவா அடையாளம் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பூர்வகுடிக் கலைஞன் ஒவ்வொரு ஸ்வரத்திலும் இறகு சூடி வரவேண்டும் என்பதும் அவன் வால்யூமைக் குறைக்கிற இன்னொரு வழிதான்.

டேவிஸ் 1988 ஜூனில் இறந்தார். வயது 43. பாலோமினோ வீடியோவைத் தேடிப் பார்க்கிறவர்கள் பாடுகிறவரை விட்டுவிட்டு கிட்டாரை மட்டும் பின்தொடருங்கள். பிறகு 'கிராஃபிட்டி மேன்' கேளுங்கள். 1992இல் ஜாக்சன் பிரவுன் தயாரிப்பில் வந்த மறுவடிவம் சுலபமாகக் கிடைக்கும். அதில் யாரையும் தேட வேண்டியிருக்காது.