நுண்படிக உலோகங்களுக்கு மாவு மில் உவமை பொருந்துமா?

பொடி உலோகவியல் முறையில் நுண்படிகக் கலப்புலோகங்கள் செய்வதை விளக்கும்போது, மாவு மில்லை உவமை காட்டுவோர் உண்டு. அரிசியை அரைப்பதுபோல் உலோகத்தை அரைத்து, பொடியை அழுத்திச் சூடாக்கினால் பொருள் தயார் என்று விளக்கம் முடிந்துவிடும். கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் இதில் இரு பெரும் குறைகள் உள்ளன.

முதற்குறை, துகளையும் படிகத்தையும் ஒன்றாக எண்ணுவது. எந்த உலோகத் துண்டும் எண்ணற்ற சிறு படிகங்கள் நெருங்கி அமைந்ததே. அப்படிகங்கள் 100 நானோமீட்டருக்கும் சிறியனவாக இருந்தால் அது நுண்படிக உலோகம். பொடி நுண்ணியதாக இருக்கவேண்டும் என்பதில்லை. 20 மைக்ரான் அகலமுள்ள ஒரு துகளுக்குள் 20 நானோமீட்டர் படிகங்கள் இருப்பின், அந்த ஒரே துகளில் ஏறக்குறைய நூறு கோடி படிகங்கள் அடங்கும்!

இவை எப்படி உண்டாகின்றன? தென்காசி, குற்றாலம் பக்கத்து வாசகர்களுக்கு இதைச் சொல்வது எளிது. பேரருவி முதலில் விழும் பொங்குமாங்கடலில் நீரும் கல்லும் பாறையைத் தேய்க்கின்றன. அது வெறும் தேய்மானம். மாவு மில்லும் அந்த இனமே. செங்கோட்டைச் சாலையில் 'பார்டர் பரோட்டா' போடுபவரைப் பாருங்கள். மாவைத் தட்டுகிறார், வீசி விரிக்கிறார், மடித்துச் சுருட்டுகிறார், மீண்டும் தட்டுகிறார். அடுக்குகள் மெலிந்துகொண்டே போகின்றன. எஃகுக் குண்டுகள் மோதும் கலனுக்குள் நடப்பதும் இதுவே. இரு குண்டுகளிடையே சிக்கிய உலோகத் துகள்கள் தட்டையாகி, உருகாமலேயே ஒன்றோடொன்று ஒட்டுகின்றன; பிறகு உடைகின்றன; மறுபடி ஒட்டுகின்றன. பல மணி நேரத்தில் அடுக்குகள் மறைந்து அணுக்களே கலந்துவிடும். ஓயாத நசுக்கலால் படிகங்களும் சிதறிச் சிறுக்கின்றன. பரோட்டாவுக்கு எண்ணெய்போல, அளவுமீறி ஒட்டாதிருக்க இங்கே சிறிது ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பதுண்டு. உடைதல் மட்டுமே பரோட்டாவில் இல்லாதது. 1966-ஆம் ஆண்டளவில் ஜான் பெஞ்சமின் என்பார் அமெரிக்காவில் இம்முறையை உருவாக்கினார்.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. 'அழுத்திச் சூடாக்கி' என்ற இரண்டே சொற்களில் கடந்துவிடும் இடத்தில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது. பொடியின் இடைவெளிகள் மூட வெப்பம் தேவை. அதே வெப்பம் படிகங்களை வளர்த்துவிடும். குறைவாகச் சூடாக்கினால் துளைகள் நிற்கும். பொருள் எளிதில் முறியும். நெடுநேரம் சூடாக்கினால் பல மணி நேரம் அரைத்த உழைப்பு வீண். ஆகவே அழுத்தத்தையும் துடிப்பு மின்னோட்டத்தையும் ஒருசேரச் செலுத்திச் சில நிமிடங்களில் இறுகச்செய்யும் முறை இன்று கையாளப்படுகிறது.

பயன் இல்லாமலா இத்தனை பாடு? படிகம் நூறு மடங்கு சிறுத்தால், வலிமையில் படிக எல்லைகள் தரும் பங்கு பத்து மடங்காகும் என்பது ஹால்–பெட்ச் விதி. ஆயினும் பத்திருபது நானோமீட்டருக்குக் கீழே இவ்விதி தளர்கிறது. நீட்டி வளைக்கும் இயல்பும் குறைகிறது. குண்டுகளிலிருந்து இரும்பும், காற்றிலிருந்து ஆக்சிஜனும் பொடியில் புகுவதுண்டு. இவற்றையும் சொல்லவேண்டும்.

சென்னை ஐ.ஐ.டி.யில் வரலட்சுமி, காமராஜ், மூர்த்தி ஆகியோர் அலுமினியம், இரும்பு, டைட்டானியம், குரோமியம், துத்தநாகம், செம்பு ஆகிய ஆறையும் சம அணு விகிதத்தில் இவ்வாறு கலந்து, 2008-இல் வெளியிட்டனர். பொடியாக்கியதோடு அவர்கள் நிற்கவில்லை. வெப்பத்தில் அந்த அமைப்பு நிலைக்கிறதா என்றும் சோதித்தனர். நம் விளக்கங்கள் நழுவவிடுவது இந்த இரண்டாம் பாதியைத்தான்.

தமிழ்வழி படிப்பவருக்கு இவ்வளவு போதும் என்று பாதியில் நிறுத்துவது எளிமை ஆகாது. பொங்குமாங்கடலையும் பரோட்டாவையும் அறிந்த மாணவனுக்கு மீதிப் பாதியும் விளங்கும். வாசகர்களே, இனி 'நானோ உலோகம்' என்று எங்கே படித்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இறுகச்செய்த பின் படிகத்தின் அளவு என்ன? துளைகள் எவ்வளவு மீந்தன? அரைக்கும்போது என்ன மாசு சேர்ந்தது? இவற்றுக்கு விடை தராத கட்டுரை, பொடியோடு நின்றுவிட்ட கட்டுரையே.