டெலிபோன் ஜாக்கும் பனானா பிளக்கும்

பழைய மாடுலர் சிந்தசைசரின் படத்தைப் பார்த்திருப்பீங்க. பீரோ அளவுக்கு ஒரு பெட்டி, முன்பக்கம் முழுக்கத் துளைகள், துளைக்குத் துளை தொங்கும் வயர்கள். இப்படி வயர் போட்டு இணைக்கிற வேலைக்குப் பெயர் பேட்ச்சிங். இதைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, இது டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்து வந்தது என்பதுதான். தப்பில்லை, ஆனா அது பாதிக் கதை. இசைக்கு முக்கியமானது மீதிப் பாதி.

முதல் பாதியைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். 1878-ல் அமெரிக்காவின் நியூ ஹேவனில் முதல் வணிக எக்ஸ்சேஞ்ச் திறந்தது. அந்தக் காலகட்டத்தில் சார்லஸ் ஸ்க்ரிப்னர் வடிவமைத்த ஸ்விட்ச், மடக்குக் கத்தி மாதிரி இருந்ததால் 'ஜாக்-நைஃப்' ஸ்விட்ச் ஆனது, சுருங்கி 'ஜாக்'. இந்தப் பரம்பரையில் வந்ததுதான் 1/4 அங்குல பிளக். உருண்டையாக இருப்பதால் எப்படித் திருப்பிப் பிடித்தாலும் உள்ளே போகும். லைன் பிஸியா என்று தெரிய, ஆபரேட்டர் பிளக்கின் நுனியால் ஜாக்கின் விளிம்பைத் தொட்டுப் பார்ப்பார். பிஸி என்றால் காதில் 'க்ளிக்' கேட்கும். நாள் முழுக்கக் கையால் சொருகி எடுப்பதற்காகவே யோசித்துச் செய்த சாமான். ரேடியோ நிலையங்களும் ரெக்கார்டிங் ஸ்டூடியோக்களும் இதையே எடுத்துக்கொண்டன. 1964-ல் ராபர்ட் மோக் தன் முதல் சிந்தசைசர் மாட்யூல்களைச் செய்யத் தொடங்கியபோது, ஸ்டூடியோ உலகத்துக்கு இது பழகின பொருள். (நம்மில் பலர் 'மூக்' என்கிறோம். அவர் தன் பெயரை 'மோக்' என்றுதான் சொல்வார்.)

இனி மீதிப் பாதி. எக்ஸ்சேஞ்ச் வயர் ரெண்டு பேரைச் சேர்த்து வைக்கும். ரெண்டு பேரும் பேசலாம், ரெண்டு பேரும் கேட்கலாம். சிந்தசைசர் வயருக்குத் திசை உண்டு: ஒரு முனை அவுட்புட், மறுமுனை இன்புட். அதில் ஓடுவதும் ரெண்டு வகை. ஒன்று, கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி. இன்னொன்று, 'சுருதியை ஏற்று', 'சத்தத்தைக் குறை' என்று அடுத்த சர்க்யூட்டுக்குச் சொல்லும் கண்ட்ரோல் வோல்டேஜ். இந்த ரெண்டுக்கும் ஒரே மாதிரித் துளையா, வேறு வேறு துளையா? இந்தக் கேள்விக்கு டெலிபோன் கதையில் பதில் கிடையாது.

மோக் ரெண்டுக்கும் அதே 1/4 அங்குல ஜாக்கைப் போட்டார். அதே வருடங்களில் சான் ஃபிரான்சிஸ்கோவில் மார்ட்டன் சுபாட்னிக், ரமோன் செண்டர் இருவருக்காகக் கருவி செய்த டான் புக்லா, ரெண்டையும் பிரித்தார்: ஒலிக்குச் சின்ன டினி-ஜாக்ஸ், கண்ட்ரோலுக்கு பனானா பிளக். இன்ஜினியராகப் பார்த்தால் நியாயமான முடிவு. ஒலி வயருக்கு இரைச்சல் புகாமல் ஷீல்டு வேணும். கண்ட்ரோலுக்கு ஒற்றை வயர் போதும். பனானா பிளக்கின் முதுகிலேயே இன்னொரு பிளக்கைச் சொருகலாம் என்பதால், ஒரு கட்டளையைப் பத்து இடத்துக்கு அனுப்புவது சுலபம். மோக்கில் அதற்கு 'மல்டிபிள்' என்று தனியாக ஒரு ஜாக் கூட்டம் தேவை.

நான் பிழைப்புக்கு ப்ரோக்ராம் எழுதுகிறவன். என் கண்ணுக்கு இது டேட்டா டைப் சண்டை மாதிரித் தெரிகிறது. புக்லாவில் தப்பான வகையைத் தப்பான இடத்தில் கொடுக்கவே முடியாது, பிளக் நுழையாது. மோக்கில் எதையும் எதிலும் சொருகலாம். ஒரு ஆஸிலேட்டரின் ஒலியை இன்னொன்றின் சுருதிக் கட்டளையாகக் கொடுத்தால் மணியடிப்பது போல, உலோகத்தைத் தட்டுவது போல ஓசை வரும். புக்லாவிலும் சில ஆஸிலேட்டர்களில் இதற்கு வழி உண்டு; ஆனா அந்த வாசலை எங்கே திறப்பது என்று முடிவு செய்தவர் புக்லா. மோக்கில் முடிவு வாசிப்பவருடையது. அங்கேயும் ஒரு வேலி இருந்தது: ட்ரிகருக்கு மட்டும் தனி கனெக்டர். காரணம், அது வோல்டேஜ் ஏறுவதைப் பார்க்காது, கிரவுண்டோடு ஷார்ட் ஆவதைப் பார்க்கும்.

மோக் என்றால் கீபோர்டு, மரபு. புக்லா என்றால் தொடு தகடு, பரிசோதனை என்று பிரிப்பது வழக்கம். துளைகளை வைத்துப் பார்த்தால் இது தலைகீழ். கட்டுப்பாடு அதிகம் புக்லாவில்தான், தாராளம் மோக்கில்தான். பின்னே ஏன் இந்தப் பெயர்? 1968-ல் வெண்டி கார்லோஸ் மோக்கில் செய்த 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அற்புதமான உழைப்பு, ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் வரும் கருவியில், டிராக் டிராக்காகப் பதிவு செய்து அடுக்கியது. ஆனா உலகம் அதில் கேட்டது ஒரு கீபோர்டு வாத்தியத்தை. எதையும் எதோடும் சேர்க்கலாம் என்ற துணிச்சல் அந்தப் புகழில் மறைந்துபோனது. 1970-ல் மினிமோக் வந்தபோது பேட்ச் வயரே இல்லை, இணைப்பெல்லாம் உள்ளேயே முடிந்திருந்தது. 1967-ல் புக்லாவில் செய்த சுபாட்னிக்கின் 'சில்வர் ஆப்பிள்ஸ் ஆஃப் த மூன்' ரெக்கார்டின் இரண்டாம் பக்கத்தையும் கேளுங்க. சீக்வென்சர் சுழலச் சுழல ஓசையின் பல குணங்கள் சேர்ந்து மாறும். ஒரு கட்டளை பல இடத்துக்குப் போவதைச் சுலபமாக்கிய கருவிக்கு ஏற்ற இசை அது.

கடைசியில் நிலைத்தது மோக்கின் வழி. 1990-களின் நடுவில் டீப்ஃபர் கொண்டுவந்த யூரோரேக் முறையில் ஒலிக்கும் கட்டளைக்கும் ஒரே 3.5 மிமீ ஜாக்தான். எனக்கும் அதுவே பிடிக்கிறது, தப்பு செய்ய இடம் விடுகிறதே! ஆனா அடுத்த தடவை இதை எக்ஸ்சேஞ்ச் போர்டு என்று யாராவது சொன்னால், எத்தனை வகைத் துளை இருக்கு என்று எண்ணிப் பாருங்க.